துணைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, நிபுணரைப் பார்க்கும் வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

பயாப்சி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட் வந்துவிட்டது. கணவருக்கோ மனைவிக்கோ புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். புற்றுநோய் நிபுணரைப் பார்க்க இன்னும் சில நாளோ சில வாரமோ இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த இடைப்பட்ட நாள்களுக்கு மட்டும்தான்.

இந்த நாள்களில் துணையாக இருப்பவர்கள் இரண்டு விதமாகத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கையைப் பிசைந்துகொண்டு தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அன்று இரவே இணையத்தில் இறங்கி, விடிவதற்குள் சிகிச்சையையே தீர்மானித்துவிடுவார்கள். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது இரு சாராரின் கையிலும் வேண்டிய காகிதம் இருக்காது. முதல் சந்திப்பு பெரும்பாலும் சின்னது. அதில் என்ன கிடைக்கும் என்பது முந்தைய நாள்களில் நீங்கள் செய்து வைத்ததைப் பொறுத்தது.

முன்கூட்டியே வேண்டியவை: ஒரு கெட்டியான ஃபைல், ஒரு நோட்டு, காகிதங்களைப் படமெடுக்க ஒரு போன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். காரணத்தை அங்கங்கே சொல்கிறேன்.

## 1. காத்திருக்கக் கூடாதவை எவை என்று முதலில் பாருங்கள்

அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டால் அதுவரை எதுவானாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தான நினைப்பு. கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- புதிதாகக் கடுமையான முதுகுவலி, அதோடு கால் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது அல்லது வராமல் நிற்பது
- மூச்சுத்திணறல், முகமும் கழுத்தும் வீங்குவது
- நிற்காத ரத்தப்போக்கு, ரத்த வாந்தி, கருப்பாக மலம்
- வலிப்பு, திடீர்க் குழப்பம், வாந்தியோடு கூடிய கடும் தலைவலி
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது (ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்)
- கண் மஞ்சளாவது, எதையும் விழுங்க முடியாமல் போவது
- ரத்தப் புற்றுநோய் என்றால் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல்

முதலில் உள்ளதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தண்டுவடத்தைக் கட்டி அழுத்தும்போது சில மணி நேரத் தாமதமே கால்களின் பலத்தை நிரந்தரமாகப் பறித்துவிடலாம். அவசரப் பிரிவில் வாயைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்குப் புற்றுநோய் என்று பயாப்சியில் வந்திருக்கிறது." அதைச் சொல்லாமல் முதுகுவலி என்று மட்டும் சொன்னால், சாதாரண முதுகுவலியாகவே பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டைக் கொடுத்த டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கையோடு கேட்டுவிடுங்கள்: "இது இரண்டு மூன்று வாரம் காத்திருக்கக்கூடிய வகைதானா?" கட்டியாக வரும் பெரும்பாலான புற்றுநோய்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்ந்தவை. சரியாகப் பரிசோதித்து முடிக்க எடுக்கும் சில வாரங்களால் பொதுவாக முடிவு மாறிவிடாது. அக்யூட் லுக்கேமியாவும் (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்) வேகமாக வளரும் சில லிம்ஃபோமாக்களும் (நிணநீர் மண்டலப் புற்றுநோய்கள்) அப்படி இல்லை, அவற்றில் நாள்களே கணக்கு. டாக்டர் "காத்திருக்கலாம்" என்றால் அதை நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். தூக்கம் வராத இரவில் எடுத்துப் பார்க்க உதவும்.

## 2. எவ்வளவு தெரிய வேண்டும் என்று உங்கள் துணையிடமே கேளுங்கள்

ஃபைலைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. நோய் அவருடையது. ரிப்போர்ட்டும் அவருடையது. அன்பின் பேரில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் அவர் தன் சொந்த விஷயத்தில் பார்வையாளராகிவிடுவார்.

மூன்று விஷயம் கேட்டால் போதும். ரிப்போர்ட்டில் உள்ளது எல்லாம் தெரிய வேண்டுமா, முக்கியமானது மட்டுமா? டாக்டரிடம் யார் பேசுவது? யாருக்கெல்லாம் சொல்லலாம், யாருக்கு இப்போது வேண்டாம்? பதில் நாளைக்கே மாறலாம். மாறினால் மாறட்டும், திரும்பக் கேளுங்கள்.

அவரிடமே சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, ஒப்புதல் படிவத்தில் நோயின் பெயர் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் "உங்களுக்கு எங்கே?" என்று கேட்பார். அப்படித் தெரிந்துகொள்பவருக்கு நோயைவிட நீங்கள் மறைத்ததுதான் முதலில் வலிக்கும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் அவர் நம்பமாட்டார். விவரம் வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு. அது அவர் எடுத்த முடிவு.

## 3. தெரிந்தது, தெரியாதது: இரண்டு பக்கம் எழுதுங்கள்

நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுங்கள். இடப்பக்கம், காகிதத்தில் ஆதாரம் உள்ளது. வலப்பக்கம், இன்னும் பதில் வராதது.

பெரும்பாலும் இடப்பக்கத்தில் இரண்டு மூன்று வரிதான் வரும்: எந்த உறுப்பு, எந்த வகை, சில நேரம் கிரேடு. ஸ்டேஜ், பரவியிருக்கிறதா, எந்த மருந்துக்கு மசியும் என்பதெல்லாம் வலப்பக்கத்தில்தான் இருக்கும். பயம் முழுக்க அந்த வலப்பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. பதில் வராத கேள்விக்கு மனம் எப்போதும் மோசமான பதிலையே நிரப்பும்.

இங்கே எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று: கிரேடும் ஸ்டேஜும் வேறு வேறு. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பது கிரேடு. உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். ரிப்போர்ட்டில் கிரேடு 3 என்று பார்த்துவிட்டு "மூன்றாவது ஸ்டேஜாம்" என்று உறவுக்கெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். பயாப்சியை மட்டும் வைத்து ஸ்டேஜ் சொல்ல முடியாது, ஸ்கேன்கள் வேண்டும். சில புற்றுநோய்களில் ஆபரேஷன் முடிந்து எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் முழு ஸ்டேஜ் தெரியும்.

எண்களும் ஏமாற்றும். புராஸ்டேட் பயாப்சியில் கிளீசன் (அந்தப் புற்றுநோயின் கிரேடைச் சொல்லும் எண்) 6 என்று வந்தால் பத்துக்கு ஆறு என்று படித்து நடுங்குவார்கள். இன்றைய நடைமுறையில் புற்றுநோய்க்குப் பயாப்சியில் கொடுக்கும் குறைந்தபட்ச மதிப்பே அந்த ஆறுதான். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவில் நான்காம் ஸ்டேஜ் என்றாலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தொடங்குகிறார்கள். எந்தப் புற்றுநோய் என்று தெரியாமல் எண்ணுக்கு மட்டும் தனியாக அர்த்தம் கிடையாது.

## 4. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

அதிக நேரம் எடுக்கும் படி இது. பலனும் இதில்தான் அதிகம். நிபுணர் உங்கள் முகத்தைப் பார்க்கும் முன் காகிதத்தைத்தான் பார்ப்பார். அவர் பக்கங்களைப் புரட்டித் தேடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கேள்விக்கான நிமிடம்.

அடுக்கும் முறை. மேலே பயாப்சி ரிப்போர்ட். அதன் கீழ் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், புதியது மேலே. அப்புறம் ரத்தப் பரிசோதனைகள். கடைசியில் பழைய நோய்களின் காகிதங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, பெயரில் தேதியைப் போட்டுவையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஸ்கேன் படங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியோ இணைய இணைப்போ வேண்டும். ஆபரேஷன் செய்பவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். சிடியை வாங்கிய கையோடு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா, பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள். காலி சிடியோடு வந்து நிற்பவர்கள் உண்டு.

ஸ்லைடும் பிளாக்கும். புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிய சீவலாக எடுத்துக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. பெரிய புற்றுநோய் மையங்களில் சிகிச்சை தொடங்கும் முன் தங்கள் பேத்தாலஜிஸ்டே (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) இவற்றை மறுபடி பார்க்க வேண்டும் என்பார்கள். சில நேரம் நோயின் வகையே அப்போது மாறுவதுண்டு. மார்பகப் புற்றுநோயில் ஈஆர், பிஆர், ஹெர்2, நுரையீரல் புற்றுநோயில் மரபணுச் சோதனைகள் என்று மருந்தைத் தீர்மானிக்கும் பல சோதனைகளும் இந்தத் திசுவிலேயே நடக்கும்.

லேபில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், ஆனால் கொஞ்ச நாள் ஆகலாம். அதனால் முதல் நாளே கேட்டுவையுங்கள். கைக்கு வந்ததும் சட்டத்தின் ஓரத்தில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பல பிளாக்குகள் இருந்தால் எதில் கட்டி இருக்கிறது என்றும் கேளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

ஒரு பக்கச் சுருக்கம். ஃபைலின் முதல் தாளாக இதை வையுங்கள். வயது, மற்ற நோய்கள், சாப்பிடும் மருந்துகள் அளவோடு, ஒவ்வாமை (ஸ்கேன் சாயத்துக்கு உட்பட), பழைய ஆபரேஷன்கள், புகை, மது, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய், முதல் அறிகுறி தொடங்கிய தேதி, இப்போதைய எடை, ஆறு மாதம் முந்தைய எடை. அதோடு இன்னொரு வரி: பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார், தன் வேலைகளைத் தானே செய்கிறாரா. டாக்டர்கள் இதை 0 முதல் 4 வரை ஒரு அளவாகக் குறித்துக்கொள்வார்கள். கீமோவை உடம்பு தாங்குமா என்று யோசிப்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே இருக்கும் உங்களுக்குத்தான் அது சரியாகத் தெரியும்.

## 5. அப்பாயின்ட்மென்டை இறுக்கிப் பிடியுங்கள்

போன் செய்து மூன்றைக் கேளுங்கள். பார்க்கப்போகும் டாக்டர் ஆபரேஷன் செய்பவரா, மருந்து சிகிச்சை தருபவரா, ரேடியேஷன் தருபவரா? வருவதற்குள் செய்து முடிக்க வேண்டிய பரிசோதனை உண்டா? யாராவது வராமல்போனால் முன்னதாகக் கூப்பிடுவீர்களா? கடைசிக் கேள்வியைப் பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். கேட்டவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பெட் ஸ்கேன் (புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன்) எழுதியிருந்தால் வெறும் வயிறு எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்சுலின், மாத்திரை நேரத்தையும் அப்போதே கேளுங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் ஸ்கேனைத் தள்ளிவைத்துவிடுவார்கள், ஒரு வாரம் போய்விடும். சாயம் ஏற்றும் சிடி ஸ்கேனுக்கு முன் சிறுநீரகச் சோதனையான கிரியாட்டினின் பார்ப்பார்கள். அந்த ரிசல்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

## 6. இணையத்துக்கு வேலி போடுங்கள்

தேடவே கூடாது என்று சொல்லிப் பயனில்லை, தேடத்தான் போகிறீர்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நோட்டின் இடப்பக்கத்தில் உள்ளதை மட்டும் தேடுங்கள். வலப்பக்கத்தில் உள்ளதைத் தேடினால் இல்லாத நோய்க்கெல்லாம் வருந்துவீர்கள். இரவு படுக்கையில் வேண்டவே வேண்டாம்.

உயிர்வாழும் கணக்கைப் பார்க்கும்போது இரண்டு நினைவிருக்கட்டும். ஐந்தாண்டுக் கணக்கு என்பது சில வருடங்களுக்கு முன் நோய் கண்டவர்களின் கணக்கு. அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய மருந்து. அடுத்து, "நடு மதிப்பு எட்டு மாதம்" என்றால் பாதிப்பேர் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தார்கள் என்று அர்த்தம். எவ்வளவு மேல் என்பதை அந்த எண் சொல்வதில்லை. அமெரிக்கப் புதைபடிவ அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று மீசோதெலியோமா (வயிற்றின் உள்சவ்வில் வரும் அரிய புற்றுநோய்) வந்தபோது மருத்துவ நூல்களில் இருந்தது இதே எட்டு மாதம்தான். அதன்பிறகு அவர் 20 ஆண்டு வாழ்ந்தார். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு தனி மனிதருக்கு என்ன நடக்கும் என்று அந்த எண் சொல்லாது என்பதற்காகச் சொல்கிறேன்.

## 7. காத்திருக்கும் நாள்களில் உடம்புக்குச் செய்ய வேண்டியவை

- வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையைப் பயாப்சிக்கோ ஆபரேஷனுக்கோ நிறுத்த வேண்டியிருந்தால், எப்போது என்று டாக்டர் சொல்வார்.
- புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அதிக டோஸ் வைட்டமின், மூலிகை மாத்திரை, யாரோ சொன்ன பொடி, எதுவானாலும் டாக்டரிடம் காட்டிய பிறகுதான். இவற்றில் சில ஈரலில் கீமோ மருந்தோடு மோதும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திட்டுவார்கள் என்று மறைக்காமல் சுருக்கத்தில் எழுதுங்கள்.
- புகை பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்த உதவி தேடுங்கள். ஆபரேஷன் புண் ஆறுவதற்கும் ரேடியேஷனுக்கும் அது நேரடியாக உதவும்.
- வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் போன் செய்து சொல்லுங்கள். எடையை இழந்தபடி சிகிச்சைக்குள் போகிறவர் மருந்தைத் தாங்கச் சிரமப்படுவார்.
- வலி இருந்தால் நிபுணரைப் பார்க்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். குடும்ப டாக்டரே மருந்து தரலாம்.
- வாய், தொண்டைப் புற்றுநோய் என்றால் பல் டாக்டரை எப்போது பார்ப்பது என்று கேளுங்கள். ரேடியேஷனுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

இன்னும் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதைச் சிகிச்சை தொடங்கும் முன் சொல்லியாக வேண்டும். சில கீமோ மருந்துகள் விந்தணுவையும் கருமுட்டையையும் நிரந்தரமாகப் பாதிக்கும். விந்தணுவை ஓரிரு நாளில் சேமித்துவிடலாம். கருமுட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். "உயிர் பிழைத்தால் போதும், இதைப் போய் எப்படிக் கேட்பது" என்று தயங்கி, பிறகு வருந்தும் தம்பதிகள் நிறைய. டாக்டர்களும் அவசரத்தில் மறந்துவிடுவதுண்டு. போனிலேயே கேட்டுவிடுங்கள்.

## 8. வீட்டில் சொல்வது

அவர் சம்மதித்த பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். எல்லோருக்கும் செய்தி சொல்ல ஒரு நம்பகமான ஆளை நியமித்துவிடுங்கள், நீங்கள் வேண்டாம். ஒவ்வொரு போனிலும் முதலிலிருந்து சொல்வது உங்களைக் கரைத்துவிடும். "டாக்டரைப் பார்த்த பிறகு நானே சொல்கிறேன்" என்ற ஒரே பதில் எல்லாக் கேள்விக்கும் போதும்.

குழந்தைகளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. மூடிய கதவும் தாழ்ந்த குரலும் அவர்களுக்குப் புரியும். நோயின் பெயரைச் சொல்லுங்கள். வெறும் "உடம்பு சரியில்லை" என்றால், அடுத்த முறை அவர்களுக்கே சளி பிடிக்கும்போது பயப்படுவார்கள். இது ஒட்டிக்கொள்ளாது, நீ செய்த எதனாலும் வரவில்லை, உன்னைப் பள்ளிக்கு அழைத்துப்போக ஆள் இருக்கிறது என்ற மூன்றையும் அவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். "சரியாகிவிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "டாக்டரிடம் கேட்கப்போகிறோம், தெரிந்ததும் சொல்கிறோம்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

## 9. கேள்விகளை எழுதுங்கள்

இருவரும் தனித்தனியே எழுதி, பிறகு சேர்த்துப் பாருங்கள். அவர் பட்டியலில் உள்ளதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். நீங்கள் ஸ்டேஜைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, அவர் முடி கொட்டுமா, வேலைக்குப் போகலாமா என்று எழுதியிருப்பார். அவர் கேள்விகளை மேலே வையுங்கள்.

பொதுவாக விட்டுப்போகும் கேள்விகள் இவை:

- சிகிச்சையின் நோக்கம் என்ன? முழுதாகக் குணப்படுத்துவதா, நீண்ட நாள் கட்டுக்குள் வைப்பதா, தொந்தரவைக் குறைப்பதா?
- பல துறை டாக்டர்கள் சேர்ந்து பேசும் டியூமர் போர்டில் இதை வைப்பீர்களா?
- வேறு வழி உண்டா? அதை ஏன் முதலில் சொல்லவில்லை?
- இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க இரண்டு வாரம் எடுத்தால் பாதிப்பு உண்டா?
- இந்த நோய்க்கு மருத்துவ ஆய்வு எதிலாவது சேர முடியுமா?
- மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டுக்கு என்ன காகிதம் வேண்டும்?

முதல் கேள்வியைக் கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம். மற்ற எல்லா பதிலும் அதை ஒட்டித்தான் புரியும். செகண்ட் ஒப்பீனியன் கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்ற பயம் வேண்டாம். நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார்.

"எவ்வளவு நாள்?" என்பதை மட்டும், இரண்டாம் படியில் அவர் சம்மதித்திருந்தால் கேளுங்கள். அவருக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும் என்றால், அவர் அனுமதியோடு தனியாகக் கேட்கலாம்.

## 10. உங்களையும் ஒரு எண்ணால் அளந்துகொள்ளுங்கள்

புற்றுநோய் மையங்களில் டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் என்று ஒன்று உண்டு. கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு தவிப்பு என்று 0 முதல் 10 வரை ஒரு எண்ணைக் குறிக்கச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் பேச ஒரு ஆள் தேவை. இது நோயாளிக்காக வந்தது, ஆனால் நீங்களும் குறித்துப் பாருங்கள். தொடர்ந்து தூக்கமே இல்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மருந்து அட்டவணையைக் கவனிக்கப்போவதும் வண்டி ஓட்டப்போவதும் நீங்கள்தான்.

தினமும் கொஞ்ச நேரமாவது நோயைப் பற்றிப் பேசாமல் இருவரும் சேர்ந்து இருங்கள். தொடுவதாலோ அணைப்பதாலோ புற்றுநோய் ஒட்டாது. நிறைய பேர் பயந்து தள்ளிப் படுக்கிறார்கள், அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்.

## 11. அந்த நாளில்

அவர் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். டாக்டர் அவரிடம் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். அவர் "வலி இல்லை" என்று சொல்லி, நீங்கள் ராத்திரி அவர் முனகுவதைக் கேட்டிருந்தால் மட்டும் குறுக்கிடலாம்.

பேச்சைப் போனில் பதிவு செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். மோசமான செய்தி காதில் விழுந்த பிறகு சொன்னது எதுவும் மண்டையில் ஏறாது. முடிந்ததும் "நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள்" என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

அவசரம் என்று டாக்டர் சொன்னாலொழிய, அந்த அறையிலேயே கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு இரவு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. எழுந்திருக்கும் முன் மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்த பரிசோதனையின் பெயரும் தேதியும், இடையில் ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டிய எண், அந்த எண்ணை இரவில் யார் எடுப்பார்கள் என்ற தகவல். வெளியே வந்ததும் நோட்டைத் திறந்து, வலப்பக்கத்தில் பதில் கிடைத்தவற்றை இடப்பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள்.